நல்ல காலை யார் பார்ப்பது

மைதானத்தின் மேற்குப் பக்கம், பார்வையாளர்கள் உட்காரும் படிகளுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. மேலே படிகள் சாய்ந்து இறங்குவதால் அறையின் கூரையும் வாசலில் உயரமாக ஆரம்பித்து உள்ளே போகப் போகத் தாழ்ந்துகொண்டே வரும். கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். இருபத்தாறு வருடமாக அங்கே வேலை பார்த்தும் அக்கா மாதம் ஒரு தடவையாவது இடித்துக்கொள்வாள். இடிக்கும்போதெல்லாம் கூரை போட்டவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். கட்டிலில் படுத்திருப்பவன் சிரித்தால் அவனுக்கும் இரண்டு விழும்.

வாசலில் தொங்கும் பலகையில் இயன்முறை சிகிச்சையாளர் என்று எழுதியிருக்கும். அதை முழுசாக வாசித்தவர்கள் அந்த மைதானத்தில் யாரும் இல்லை. வாய்க்குச் சுலபமாகப் பிசியோ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேண்டாமக்கா. இன்றைக்கு ஓடலாமா என்று கேட்டால் வேண்டாம், பந்தை மெதுவாக உதைத்துப் பார்க்கட்டுமா என்றால் வேண்டாம், சைக்கிளாவது மிதிக்கட்டுமா என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம், இப்போது வேண்டாம். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அத்தை என்று கூப்பிட வேண்டிய பிள்ளைகள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள், ஏனென்றால் அந்தப் பெயரே அப்படித்தான் நிலைத்துவிட்டது. பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. அதைப் பற்றிக் கோபித்துக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டுமே.

தெம்புதான் இப்போதெல்லாம் இல்லை. அடுத்தவர் தொடையையும் கெண்டைக்காலையும் அழுத்தி அழுத்தி அவளுடைய கட்டைவிரல்கள் இரண்டும் அடிப்பகுதியில் புடைத்துவிட்டன. காலையில் பற்பசை மூடியைத் திருக முடியாது. கணவர்தான் முந்தி எழுந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். ஊருக்கெல்லாம் மூட்டு பார்ப்பவள் தன் மூட்டுக்கு யாரிடம் போவாள் என்று மைதானத்தில் ஒரு கிண்டல் உண்டு. அவள் யாரிடமும் போகவில்லை. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

வேண்டாம் என்ற சொல் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது பதினொரு வருடத்துக்கு முன்னால். அப்போது பையன்கள் கால்பந்து அணியில் ஒரு கோல் கீப்பர் இருந்தான். நெட்டை என்பார்கள். கையைத் தூக்கினால் கோல் கம்பத்தின் மேல்கட்டை அவன் மணிக்கட்டுக்கு வரும். முட்டிக்குள் எலும்பையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார் அவனுக்கு அறுந்து, ஆபரேஷன் ஆகி, அக்காவிடம் வந்து சேர்ந்தான். ஒன்பது மாதம் அவனோடு மல்லுக்கட்டினாள். சோதனையில் தேறினான். இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது வாரம், ஒரு சாதாரணப் பந்துக்கு எம்பி, ஒற்றைக்காலில் இறங்கினான். அதே முட்டி. ஈரத்துணியை உதறியது போல ஒரு சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற அவளுக்கே கேட்டது. இரண்டாவது ஆபரேஷன் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. இப்போது அவன் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் அந்த வேலை.

அவன் கடை வைத்த நாளிலிருந்து அக்கா வீட்டுக்குப் போக வேறு பேருந்தைப் பிடித்தாள். இருபது நிமிடம் சுற்றுதான். ஆனால் அந்தக் கடை கண்ணில் படாது.

மற்ற இடங்களில் எட்டு மாதத்தில் அனுப்பினால் இவள் பத்து மாதம் வைத்திருப்பாள். பயிற்சியாளர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருவர் அவள் கணவர். அவர்தான் அன்றைக்கு நெட்டையின் பயிற்சியாளர். இப்போது பெண்கள் கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்கிறார். பகலில் மைதானத்தில் முறைத்துக்கொண்டு சாயங்காலம் ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போகும் ஜோடியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் குணத்தைக் குறை சொல்லக் கூடாது. கோபமாக ஒரு சொல் பேசத் தெரியாத மனிதர். அவள் வேலையில் நடந்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஒன்று விடாமல் கேட்பார். அவளும் இருபத்தைந்து வருடமாக ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கு எதை எப்படி அளக்கிறாள் என்பது அவருக்குப் பாதி அத்துப்படி.

அவள் அளக்கும் விதம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தரையில் ஒரு கோடு. கோட்டிலிருந்து அளவு நாடா ஒட்டியிருக்கும். முதலில் அடிபடாத நல்ல காலில் மட்டும் நின்று முன்னால் ஒரு தாவு. அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்க வேண்டும். மூன்று தடவை தாவி, அதிகமானதை எழுதுவாள். பிறகு அடிபட்ட காலில் அதே மாதிரி. நல்ல கால் நூறு தாண்டினால் மற்ற கால் தொண்ணூறாவது தாண்ட வேண்டும். தாண்டினால் போகலாம். ஆளுக்கு ஆள் உயரமும் பலமும் வேறு. அதனால் ஒருத்தரை இன்னொருத்தரோடு ஒப்பிட முடியாது. அவரவர் நல்ல கால்தான் அவரவர் அளவுகோல்.

இந்த வருடம் அந்தக் கோட்டில் நின்றவள் எட்டு. சட்டையில் எட்டாம் நம்பர் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கும் முட்டி நார் அறுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆடுகளத்தின் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவள். எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது இவள் ஆள் இல்லாத இடத்தைப் பார்ப்பாள். அப்பா இல்லை. அம்மா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். எட்டுக்கு இப்போது இருபத்திரண்டு முடியப்போகிறது. ஒரு பெரிய நிறுவனம் தன் பெண்கள் அணிக்கு வருடத்துக்கு ஒரு தடவை ஆள் எடுக்கும். எடுத்தால் அலுவலகத்தில் நிரந்தர வேலையும் சேர்த்து. இருபத்து மூன்று ஆகிவிட்டால் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். இந்த வருடத் தேர்வுதான் அவளுக்குக் கடைசி. முட்டி ஆபரேஷன் ஆனவர்கள், சிகிச்சை கொடுத்தவரின் கையெழுத்தோடு வர வேண்டும் என்பது விதி. வேறு யார் கையெழுத்தும் செல்லாது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எட்டு தாவினாள். நல்ல கால் நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர். அடிபட்ட கால் நூற்று இருபத்து நான்கு. அக்கா கணக்கிட்டுப் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அக்காவும் வெகுநாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள். வாசலில் எட்டிப் பார்த்த கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். எட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் இஸ்திரி இயந்திரங்களின் இரைச்சலில் அம்மாவுக்கு விஷயம் புரிவதற்கு மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது.

மத்தியானம் அறை காலியான பிறகு அக்கா படிவத்தை எடுத்து வைத்தாள். பெயர், வயது, அடிபட்ட தேதி எல்லாம் எழுதிவிட்டாள். ஆபரேஷன் தேதி நினைவில்லை. எட்டின் நோட்டில் பின்னோக்கிப் புரட்டினாள். பத்து மாதத்துக்கு முந்திய பக்கம். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நல்ல காலை மட்டும் தாவச் சொல்லி அளந்து வைத்திருந்தாள். அவள் கையெழுத்துதான். நூற்று ஐம்பத்தெட்டு.

பேனா அப்படியே நின்றது.

ஓய்வில் இருந்தால் நல்ல காலும் கொஞ்சம் இளைக்கும், அது உண்மை. ஆனால் இந்தக் காலை அவள் சும்மா விட்டு வைக்கவில்லை. வாரம் மூன்று நாள் எடை தள்ள வைத்திருக்கிறாள். தள்ளிய எடை வாரா வாரம் ஏறியிருப்பது அதே நோட்டில் இருக்கிறது. பலம் ஏறிய காலில் தாவல் எப்படி இருபத்திரண்டு சென்டிமீட்டர் குறையும்? பழைய அளவோடு வைத்துப் பார்த்தால் அடிபட்ட கால் எண்பதுகூட இல்லை.

காலையில் பார்த்ததை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். நல்ல காலில் இறங்கும்போது எட்டு லேசாகத் தடுமாறிக் கையை விரித்தாளே, அப்போது தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். அடிபட்ட முட்டியில் வீக்கம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக அவள் பார்வை போவது கெட்டுப்போன காலுக்குத்தான். நல்ல காலை யார் பார்ப்பது?

பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். இரும்பு அலமாரியின் அடித்தட்டில் பழைய நோட்டுகள் கிடந்தன. நெட்டையின் நோட்டை அவள் பதினொரு வருடமாகத் தொட்டதில்லை. தரையில் உட்கார்ந்து, வலிக்கிற விரலால் பக்கங்களைத் தள்ளினாள். கடைசிச் சோதனையில் நல்ல கால் நூற்று எழுபத்தாறு, மற்ற கால் நூற்று அறுபது. தேறியிருக்கிறான். ஏழு பக்கம் பின்னோக்கிப் புரட்டினால், நல்ல கால் இருநூற்று ஒன்று.

ஏழே பக்கம். அன்றைக்குப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். காலோடு காலை ஒப்பிட்டாளே ஒழிய, அதே கால் போன மாதம் என்ன தாவியது என்று அவள் பார்க்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை, ஒருத்தருக்குக்கூட இல்லை.

மறுநாள் காலை எட்டைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். திட்ட வேண்டும் என்றுதான் இருந்தாள், கேள்விதான் வந்தது.

"உன் நல்ல கால்ல இருபத்திரண்டு சென்டிமீட்டர் எங்கம்மா போச்சு?"

எட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தரையில் ஒட்டியிருந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எல்லாரும் செய்யறதுதானேக்கா" என்றாள்.

எல்லோரும் என்றால் எல்லோரும்தான். பையன்கள், பெண்கள், ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள். நல்ல காலில் முழுசாகத் தாவாதே, இறங்கும்போது கொஞ்சம் ஆடு, ரொம்ப ஆடாதே, அக்கா அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். இது ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு வந்துகொண்டே இருக்கிறதாம். எட்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்காவுக்குக் காது அடைத்தது. அறையில் இருந்த மூன்று கட்டிலும் அவளைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

எட்டு காலணியின் நுனியால் நாடாவின் ஓரத்தைச் சுரண்டினாள். பிறகு, "சார்" என்றாள்.

அந்த மைதானத்தில் சார்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். எந்த சார் என்று அக்கா கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வழக்கம்போல ஒரே பேருந்தில் வந்தார்கள். அவர் மழை வருமா என்று பேசினார். அவள் ம் கொட்டினாள். சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டில் பரிமாறிவிட்டு, தனக்கு எடுத்து வைத்துக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"எட்டுகிட்ட நல்ல காலைக் குறைச்சுத் தாவச் சொன்னீங்களா?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேர்மையை அவளால் அப்போது பாராட்ட முடியவில்லை. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அந்தப் பெண்ணுக்கு இது கடைசி வருடம். அவள் அம்மாவின் கால்களைப் பார்த்திருக்கிறாயா, நரம்பு முடிச்சு முடிச்சாக நிற்கிறது, இன்னும் எத்தனை வருடம் நின்று இஸ்திரி போடுவாள்? தொண்ணூறு என்பது யாரோ எழுதி வைத்த எண். எண்பதில் இறங்கி நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர்களை அவரே பார்த்திருக்கிறார். நெட்டைக்குப் பிறகு நீ பயந்துபோய்விட்டாய், பயந்தவள் வைக்கிற அளவுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பலி கொடுப்பதா என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

நெட்டையின் பெயரை அவரே எடுத்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"நெட்டைகிட்டயும் நீங்கதான் சொன்னீங்களா?"

அவர் தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் கேட்டான். சொன்னேன்."

"பதினொரு வருஷம் ஆச்சுங்க."

"சொல்லிடணும்னு எத்தனையோ தடவை நெனச்சேன். அப்புறம், நீயே கொஞ்சம் கொஞ்சமா மறந்துடுவேன்னு விட்டுட்டேன்."

"மறந்தேனா?"

அந்த வருடங்களில் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ஜன்னலோரம் நிற்கும்போதெல்லாம் அவர் பின்னாலேயே வந்து தோளைத் தொட்டு, உன் தப்பில்லைம்மா என்பார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அதற்காகவே அவர்மேல் உருகியிருக்கிறாள். மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கனத்து, நாற்காலியை விட்டு எழுவதே பெரிய வேலையாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தை மூட்டை கட்ட அவள் கையில் வலு இல்லை. தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

காலையில் பார்த்தால் பற்பசை மூடி திறந்திருந்தது. அதில்தான் பல் தேய்த்தாள். வேறென்ன செய்வது.

அன்றைக்கு வேலைக்குப் போகும்போது பழைய வழியில் போகும் பேருந்தில் ஏறி, பேருந்து நிலையத்தில் இறங்கினாள். சாவிக்கடை ஓர் ஆள் உட்காரும் அளவுதான். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. நெட்டை அவளைப் பார்த்ததும் மேஜையைப் பிடித்து எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை வெளியே எடுத்துப் போட்டான். உடம்பு பெருத்திருந்தது. நின்றபோதும் ஒரு காலை நீட்டியே வைத்திருந்தான். அவள் கண் முதலில் அங்கே போனது, பிறகு வலுக்கட்டாயமாக அவன் முகத்துக்கு வந்தது. அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவனும் மறைக்காமல் சொன்னான். ஆமாம், குறைத்துத்தான் தாவினான்.

"எனக்கு அன்னிக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

நெட்டை அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியும்னுதான் நான் இத்தனை வருஷமும் நெனச்சுட்டிருக்கேன். தெரிஞ்சும், பையன் ஆசைப்படறான், போகட்டும்னு விட்டீங்கன்னு. அக்கா பார்க்கத்தான் கறார், மனசு இளகினதுன்னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

அவன் அதை நன்றியோடு சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டான். நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தாள். அவன் மேஜையைச் சுற்றி வெளியே வருவதற்குள் நடந்துவிட்டாள்.

அதுவரை அவளுக்குள் இரண்டு மனதாக இருந்தது உண்மை. கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தால் என்ன என்று பேருந்தில் வரும்போதுகூட நினைத்தாள். எண்பதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் விழுவதில்லை, கணவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் இப்போது போட்டால், நெட்டை நம்பிக்கொண்டிருக்கிற அந்த இளகிய மனசுக்காரியாக அவள் நிஜமாகவே ஆகிவிடுவாள். அன்றைக்குத் தெரியாமல் செய்ததை இன்றைக்குத் தெரிந்தே செய்ததாக ஆகும். அறைக்கு வந்ததும் படிவத்தில், இன்னும் தகுதி பெறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது கட்டைவிரல் குத்தியது.

பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். எட்டு படிவத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். அவளுடைய அம்மா சலவைக் கூடத்துச் சீருடையோடு வந்து வாசலில் அரைமணி நேரம் நின்றாள். கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை, வேலைக்கு நேரமானதும் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் அக்காவைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். வேண்டாமக்கா என்பதை இப்போது முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கணவர் அவளிடம் தண்ணீர் வேண்டுமா, விளக்கை அணைக்கட்டுமா என்ற அளவுக்குப் பேசினார். பேருந்தில் தனித்தனி இருக்கையில் வந்தார்கள். அவள் அலமாரியிலிருந்த நோட்டுகளை எல்லாம் எடுத்து, சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நல்ல காலின் பழைய அளவைத் தேடி முதல் பக்கத்தில் எழுதினாள். பதினேழு பேர். அதில் ஆறு பேருக்கு அளவு குறைந்திருந்தது. ஆறு பேரையும் கூப்பிட்டு மறுபடி தாவச் சொன்னாள். ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. தேர்வு காலை பத்து மணிக்கு. வேறு மைதானத்தில், நகரத்தின் மறுகோடியில். பத்தடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எட்டு வந்து அறை வாசலில் நின்றாள். விளையாட்டுச் சட்டையும் காலணியும் போட்டிருந்தாள். பழக்கத்தில் விடிந்ததும் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. எட்டு தானாகவே வந்து கோட்டில் நின்றாள். நல்ல காலில் நின்று, கையை வீசி, தாவினாள். கோபத்தில் தாவினாள். இறங்கிய கால் மரம் மாதிரி ஆடாமல் நின்றது.

"எழுதுங்க."

நூற்று அறுபத்தொன்று. அக்கா எழுதினாள். எட்டு மற்ற காலில் நின்றாள். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கமாக ஒரு நொடி மடங்கி, நிமிர்ந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். நூற்று இருபத்தைந்து. அக்கா கணக்கிட்டு, எழுபத்தெட்டு என்று சொன்னாள். எட்டு நாடாவுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் போயிருந்தா, முட்டி கண்டிப்பா போயிருக்குமாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். அந்தப் பெண்ணுக்கும் மனம் ஆறும், இவளுக்கும் ஒரு சுமை இறங்கும். நன்மைக்குச் சொன்னது என்று பிறகு தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். அவள் வீட்டிலேயே அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்ட ஒருவர் இருக்கிறார். அக்கா சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியாதும்மா. இந்த மாதிரி காலோட இறங்கறவங்கள்ல, நான் பார்த்த வரைக்கும், நாலு பேர்ல ஒருத்தருக்குப் போகும். மூணு பேருக்கு ஒண்ணும் ஆகாது."

எட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அப்ப நான் அந்த மூணு பேர்ல ஒருத்தியா இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

எட்டு இரண்டு முட்டியையும் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்து அழுதாள். மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அக்கா அவளைத் தொடவில்லை. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.